துணையை இழந்த தாய்மாரும் குடும்ப நிர்வாகமும்

நாற்பது ஐம்பது ஆண்டுகள் இணைந்து வாழ்ந்த தம்பதிகளில் ஒருவர் முந்திச் செல்வது இயற்கை. நம் நாட்டில் கணவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். பெண்களின் ஆயுளும் சற்று நீண்டது. ஆகவே, பின்தங்கி நிற்பவர் பெரும்பாலும் மனைவியாகவே இருக்கிறார். இது யாவரும் அறிந்த விஷயம். அறிந்திருந்தும் இதற்காக முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்ளும் குடும்பங்கள் மிகச் சிலவே.

துக்கத்தைப் பற்றி இக்கட்டுரையில் நாம் எழுத முற்படவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஊர் திரும்பியபின், வீட்டில் தனியே நிற்கும் அறுபது எழுபது வயதுத் தாய் எதிர்கொள்ளும் காரியங்களைப் பற்றியே இங்கு கூறப்போகிறோம். மின்சாரக் கட்டணத்தை எங்கே கட்டுவது? வங்கிப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? நிலத்தைக் குத்தகைக்கு விட்டது என்ன பேச்சுக்கு? சங்கத்தில் இருக்கும் பங்குத் தொகை யாருக்கு? இவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். இவற்றிற்கு விடை தெரிந்தவர் தம் வீட்டில் தாமே தலைவியாக வாழ்கிறார். தெரியாதவர், பிள்ளைகள் எவ்வளவு நல்லவர்களாயினும், தம் வீட்டிலேயே விருந்தாளியைப் போல் வாழ நேர்கிறது.

ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறோம். ஒரு நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினராயிருந்த முதியவர் காலமானார். அவர் மனைவிக்கு அப்பொழுது 66 வயது. மணமாகி வந்த நாள் முதல் அவ்வீட்டுத் தறிக்கு நூல் இழைத்ததும் தார் சுற்றியதும் அந்த அம்மாளே. பாவுக்குக் கஞ்சி போடும் நாட்களில் விடியுமுன் தெருவில் நின்றவரும் அவரே. தறியில் அமர்ந்தது கணவர். தறி ஓடியது இருவர் உழைப்பால்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் சங்கத்திற்கு வந்து பங்குத் தொகையையும் சேமிப்பையும் பற்றி விசாரித்தார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, தமக்குப் பின் தொகையைப் பெறுவதற்கு உரியவராக அங்கத்தினர் எழுதிவைத்திருந்த பெயர் அவருடைய தாயாரின் பெயர் என்று தெரிந்தது. திருமணத்திற்கு முன், சங்கத்தில் சேர்ந்த நாளில் எழுதியது அது. அந்தத் தாயார் இறந்தே முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

“ஏன் தம்பி, இத்தனை வருஷம் தார் சுத்தினேனே, இந்தப் புஸ்தகத்திலே எங்கேயும் என் பேரு இல்லையா?” என்று அந்த அம்மாள் காரியதரிசியைக் கேட்டார். காரியதரிசியால் பதில் கூற இயலவில்லை. வாரிசுச் சான்றிதழ் பெற்று, மற்ற வாரிசுகளின் சம்மதமும் வாங்கித் தொகை அவர் கைக்கு வந்து சேர ஏறக்குறைய ஓர் ஆண்டாயிற்று. அவ்வோராண்டில் அவர் மகனிடம் மருந்துக்கும், மகளிடம் பஸ் கட்டணத்திற்கும் கை நீட்ட வேண்டியிருந்தது. குற்றம் எவருடையதும் அன்று. ஒரு பெயரை மாற்றி எழுத ஐந்து நிமிஷம் ஒதுக்காததே காரணம்.

முதல் 21 நாட்கள்

பல குடும்பங்களில் கணவரை இழந்த பெண் சில வாரங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. இந்த வழக்கத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் சட்டம் இவ்வழக்கத்திற்காகக் காத்திருப்பதில்லை என்பதைக் கூறவேண்டும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் நேர்ந்த 21 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்யவேண்டும். மரணம் மருத்துவமனையில் நேர்ந்தால் அவர்களே தெரிவிப்பர். வீட்டில் நேர்ந்தால் குடும்பத்தார் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமோ, நகரத்தில் நகராட்சி அலுவலகத்திலோ தெரிவிக்கவேண்டும். காலம் தவறினால் தாமதக் கட்டணமும், மேலும் தவறினால் மேலதிகாரியின் அனுமதியும் தேவைப்படும். ஓராண்டு கடந்துவிட்டால் அலைச்சல் மிகுதி.

பதிவின்போது ஒன்றை மிகவும் கவனிக்கவேண்டும். இறந்தவருடைய பெயரும் தந்தை பெயரும் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவற்றில் உள்ளபடியே சான்றிதழில் அமையவேண்டும். ஒன்றில் “கந்தசாமி” என்றும் மற்றொன்றில் “கந்தசாமி முதலியார்” என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கத் தனியே சான்று தேடவேண்டி வரும். இறப்புச் சான்றிதழில் ஐந்தாறு பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்வது நலம். பின்னர் செய்யவேண்டிய ஒவ்வொரு காரியத்திற்கும் அதுவே முதற்படி.

அடுத்ததாக வேண்டுவது வாரிசுச் சான்றிதழ். இதைத் தாசில்தார் வழங்குகிறார். இ-சேவை மையத்தின் மூலம் மனுச் செய்யலாம். மனுவில் மகள்களின் பெயர்களையும் தவறாமல் எழுதவேண்டும். மணமாகிச் சென்ற மகளை வாரிசு அல்லர் என்று கருதி விட்டுவிடுவது இன்றும் சில ஊர்களில் காணப்படும் தவறு.

கையெழுத்திடுமுன்

முதல் சில மாதங்களில் ஒரு கைம்பெண்ணிடம் காகிதத்தை நீட்டுபவர் பலர். சிலர் நல்லெண்ணத்தோடும், சிலர் வேறெண்ணத்தோடும் நீட்டுவர். இரண்டிற்கும் ஒரே விதியைக் கைக்கொள்ளலாம்: படித்துக் கேட்டுப் பொருள் விளங்காத எதிலும் கையொப்பமிடுவதில்லை, வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதே இல்லை.

கணவர் கடன் வாங்கியிருந்தார் என்று கூறி வருவோர் உண்டு. உண்மையான கடனைத் தீர்ப்பது கௌரவமே. எனினும் முதலில் பத்திரத்தைக் காட்டச் சொல்லவேண்டும். பொதுவாக, கணவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே அவர் கடன் வாரிசுகளைச் சாரும். மனைவியும் சேர்ந்து கையொப்பமிட்டிருந்தாலோ, ஜாமீன் நின்றிருந்தாலோ மட்டுமே நிலைமை வேறு. கேட்டவுடன் வாங்கத்தக்க புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடுக்க, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகளே காலவரம்பு; இடையில் பணம் செலுத்தி அதற்கு வரவு எழுதியிருந்தால் கணக்கு மாறும். பழைய நோட்டைப் “புதுப்பித்து” மனைவி கையொப்பமிட்டாரானால், அன்றுவரை கணவருடையதாக இருந்த கடன் அன்றுமுதல் அவருடைய சொந்தக் கடனாகிவிடும்.

பிள்ளைகளின் பெயருக்கு வீட்டை எழுதிக்கொடுக்கும்படி கேட்பதும் பெரும்பாலும் இக்காலத்திலேயே. இங்குச் சட்ட நிலையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவர் சொத்தில் ஆயுட்கால அனுபவம் மட்டுமே அளித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அக்குறையை நீக்கிற்று. உயில் எழுதாமல் இறந்தவருடைய சுயார்ஜிதச் சொத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகிய ஒவ்வொருவருக்கும் சமபங்கு உண்டு. மனைவியின் பங்கு அவருக்கு முழு உரிமையாகும். கிறிஸ்தவக் குடும்பங்களில் மக்கள் இருப்பின் மனைவிக்கு மூன்றிலொரு பங்கு. முஸ்லிம் குடும்பங்களில் மக்கள் இருப்பின் எட்டிலொரு பங்கு, இல்லையேல் நாலிலொரு பங்கு.

ஆகவே, விடுதலைப் பத்திரமோ தான செட்டில்மெண்டோ எழுதுமுன் ஓராண்டேனும் பொறுத்திருப்பது விவேகம். எழுதித்தான் ஆகவேண்டுமானால், தம் ஆயுள்வரை அவ்வீட்டில் வசிக்கும் உரிமையையும், தம்மைப் பராமரிக்கவேண்டும் என்னும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளவேண்டும். அத்தகைய நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அப்பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். கோட்டாட்சியரிடம் மனுச் செய்தால் போதும். நல்ல மகன் இந்த நிபந்தனைகளைக் கண்டு வருந்தமாட்டான் என்பதையும் கூறிவைக்கிறோம்.

பெயர் மாற்றவேண்டிய இடங்கள்

கணவர் பெயரில் உள்ளவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் ஒன்றாக முடித்து வந்தால் பாரம் தெரியாது. பொதுவாகக் கவனிக்கவேண்டியவை பின்வருமாறு.

வங்கி: கணவன் மனைவி இருவர் பெயரிலும், “இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்” என்ற முறையில் கணக்கு இருந்தால், மனைவி அதைத் தடையின்றி நடத்தலாம். தனிக் கணக்காயின், நாமினி என்று வழங்கும் நியமனதாரர் இறப்புச் சான்றிதழும் தம் அடையாளச் சான்றும் காட்டித் தொகையைப் பெறலாம். நியமனதாரர் தொகையைப் பெறுபவரே. வாரிசுகளுக்கு உரியதை அவர்கள் சார்பில் பெறுகிறார் என்பதே சட்டத்தின் கருத்து. தேவையான காகிதங்கள் கிடைத்தபின் 15 நாட்களுக்குள் வங்கி இக்கோரிக்கையைத் தீர்க்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கணவருடைய ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுத்துவருவது, அவசரம் கருதிப் பலர் செய்வதாயினும், முறையன்று. பின்னர் தகராறுக்கு இடமளிக்கும்.

வங்கிப் புத்தகத்தின் பழைய பக்கங்களையும் பார்க்கவேண்டும். ஆண்டிற்கு ஒருமுறை சிறு தொகை ஒன்று கழிக்கப்பட்டிருந்தால், அது இன்ஷூரன்ஸ் கட்டணமாக இருக்கலாம். அவ்வாறாயின் குடும்பத்திற்கு ஒரு தொகை வரவேண்டியிருக்கும். அத்தகைய பாலிசி இருப்பதே தெரியாமல் பணத்தை இழந்த குடும்பங்கள் உண்டு.

சங்கம்: பங்குத் தொகை, வைப்பு, வரவேண்டிய கூலி அல்லது விளைபொருள் விலை, போனஸ், நெசவாளராயின் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துள்ள தொகை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டு எழுதி வாங்கவேண்டும். நகைக் கடன் இருந்தால் நகைச் சீட்டையும் தவணைத் தேதியையும் குறித்துக்கொள்ளவேண்டும். அடகிலிருப்பது பெரும்பாலும் அந்த அம்மாளின் நகையே. ஏல நோட்டீசு இறந்தவர் பெயருக்கு வந்து எவர் கண்ணிலும் படாமல் கிடக்க இடமளிக்கலாகாது.

மின்சாரம்: வீட்டு இணைப்பும் கிணற்று மோட்டார் இணைப்பும் பெயர் மாற்றப்படவேண்டும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. தறி நின்றுவிடவில்லை, வீட்டில் ஒருவர் நெய்கிறார் என்றால் இச்சலுகையைத் தொடர்ந்து பெறச் சங்கத்தின் சான்று தேவைப்படும்.

நிலம்: பட்டா மாறுதலை ஒத்திப்போடலாகாது. பயிர்க் கடன், பயிர் இன்ஷூரன்ஸ், நிவாரணத் தொகை யாவும் பட்டாவைப் பொறுத்தவை. 2019-இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டிற்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாகக் கணவர் பெற்று வந்திருக்கலாம். அவர் காலமானபின் அவர் பெயரில் வரும் தவணையை எடுத்துச் செலவிடக்கூடாது. திருப்பிச் செலுத்த நேரிடும். மரணத்தைத் தெரிவித்து, பட்டா மாறியபின் தகுதியுள்ள வாரிசு தம் பெயரில் மனுச் செய்வதே நேரான வழி.

இவற்றோடு குடும்ப அட்டை, சமையல் எரிவாயு இணைப்பு, வீட்டு வரி ஆகியவற்றிலும் பெயரை மாற்றிக்கொள்ளவேண்டும்.

ஓய்வூதியம்

அன்றைய சென்னை ராஜ்யத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962-இலும், பின்னர் தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியம் 1975-இலும் தொடங்கப்பட்டன. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள, 40 வயது நிறைந்த கைம்பெண்களுக்கான இந்திராகாந்தி தேசிய விதவைகள் ஓய்வூதியத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2009-இல் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் இவ்வோய்வூதியங்கள் 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தன. மனுவை இ-சேவை மையத்தில் அளிக்கலாம். இருவகை ஓய்வூதியத்திற்கும் தகுதியிருப்பினும் ஒன்றையே பெற இயலும்.

கணவர் முதியோர் ஓய்வூதியம் பெற்றிருந்தால் அது அவரோடு நின்றுவிடும். தாமாகவே மனைவிக்கு மாறுவதில்லை. புதிய மனு வேண்டும். இத்தொகை பெரிதன்று. ஆனால் தம் பெயரில், தம் கணக்கில், தம் கையெழுத்தால் மாதந்தோறும் வரும் பணம் அது. மருந்துக் கடையிலும் பேரக் குழந்தைக்குத் தின்பண்டம் வாங்குமிடத்திலும் அதன் மதிப்பு என்ன என்பதைப் பெற்றவரே அறிவர்.

ஒருவருக்காக அடுப்பு மூட்டுவது

காகிதங்களைவிடக் கடினமானது அன்றாட வாழ்வு. நாற்பதாண்டுகள் நால்வருக்கும் அறுவருக்கும் சமைத்தவர், தமக்கு ஒருவருக்காக அடுப்பு மூட்டுவதை வீண் வேலையாக நினைக்கத் தொடங்குகிறார். காலையில் காப்பி, பகலில் பழையதும் ஊறுகாயும், இரவில் இரண்டு பிஸ்கோத்து என்று உணவு சுருங்கிவிடுகிறது. ஆறு மாதத்தில் உடல் மெலிந்து, எழுந்தால் தலை சுற்றுகிறது. இதைத் துக்கத்தின் விளைவென்று எல்லோரும் கருதுகிறார்கள். உண்மையில் பாதி பசியின் விளைவே.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டுச் சிறிய குக்கர் ஒன்றும் இரண்டு சிறு பாத்திரங்களும் வைத்துக்கொள்ளவேண்டும். அரை ஆழாக்கு அரிசியோடு ஒரு பிடி பருப்பும் காயும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைத்தால் ஒருவேளை உணவு முடிந்தது. பயறு, சுண்டல், கீரை, மோர், உண்பவராயின் முட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தினமும் இருக்கவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டுத் தாயாரோடு சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்பது மருந்தைவிட மேலானது. இரு வீட்டிலும் தனியே இருப்பவர்கள் ஒரே தெருவில் இருந்தும் இது நடவாமலிருப்பதற்குக் கூச்சமே காரணம். ஒருவர் முதலில் அழைத்தால் போதும்.

இதுவரை கணவர் செய்துவந்த வேலைகளும் உண்டு. எரிவாயு உருளையை மாற்றுதல், ரெகுலேட்டரைப் பொருத்துதல், இரவில் அதை மூடுதல் ஆகியவற்றை உருளை கொண்டுவரும் பையனிடம் இரண்டு முறை செய்து காட்டச் சொல்லி மூன்றாம் முறை தாமே செய்து பார்க்கவேண்டும். ரப்பர்க் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். மின்சார மெயின் சுவிட்சு எங்கிருக்கிறது, அதை எப்படி இறக்குவது என்பதை வீட்டில் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறும் வேலையை மட்டும் முதியவர்கள் செய்யாமலிருப்பதே நல்லது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதுவரை காத்த சுதந்திரம் அனைத்தும் ஒரு நொடியில் போய்விடும். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், இரவில் எரியும் சிறு விளக்கும் அமைப்பது சொற்பச் செலவே.

இக்காலத்தில் புதிய அபாயம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணவர் பணம் வந்திருக்கிறது, செல்பேசியில் வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்று இனிமையாகப் பேசுவோர் உண்டு. ஓ.டி.பி. என்னும் அந்த எண்ணை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்பதில்லை. கேட்பவர் திருடரே. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணில் புகார் செய்யவேண்டும். முதியோருக்கு வேறு ஆலோசனையும் உதவியும் தேவைப்படின் 14567 என்னும் எண் இருக்கிறது.

உதவி எது, உபத்திரவம் எது?

தந்தை காலமானதும் நல்ல மகன் செய்வது என்ன? “அம்மா, நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான். வங்கிப் புத்தகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறான். கட்டணங்களைத் தானே கட்டுகிறான். மகளோ தன் வீட்டிற்கு அழைத்துப் போய் ஒரு பாத்திரத்தையும் தொடவிடாமல் வைத்துக்கொள்கிறாள். அன்பினால் செய்வதே இவையெல்லாம். ஆயினும் ஆறு மாதத்தில் அந்தத் தாய்க்குத் தம் பணம் எவ்வளவு என்று தெரியாது. கேட்டால் சந்தேகப்படுவதாகத் தோன்றுமோ என்று கேட்கவும் மாட்டார்.

தாய்க்குப் பதிலாகச் செய்வது ஒருவகை உதவி. தாயோடு சேர்ந்து செய்வது மற்றொருவகை. முதல் மாதம் மகன் வங்கிச் சலானை எழுதட்டும், தாய் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் தாய் எழுதட்டும், மகன் அருகில் நிற்கட்டும். மூன்றாம் மாதம் மகன் வாசலில் நிற்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் இம்முறை பொருந்தும். புத்தகத்தின் நிறத்தையும் தொகையின் எண்ணையும் அறிந்துகொள்ள எழுத்து வேண்டுவதில்லை. சந்தையில் கிலோவுக்கு ஐம்பது காசு பேரம் பேசத் தெரிந்தவருக்குக் கணக்கு வராது என்று யார் கூறக்கூடும்?

பிள்ளைகளோடு சென்று வசிப்பதா, சொந்த வீட்டிலேயே இருப்பதா என்பதையும் அவசரமாக முடிவு செய்யலாகாது. உடல் இடங்கொடுக்கும்வரை, பழகிய தெருவும் பழகிய கிணற்றடியும் பழகிய முகங்களும் முதியவர்க்கு ஒரு பலம். வீட்டை விற்றுவிட்டால் திரும்பி வர இடமில்லை. ஆறு மாதம் மகன் வீட்டில் இருந்து பார்த்துவிட்டுப் பின் முடிவு செய்யட்டும். அதுவரை சாவி அவரிடமே இருக்கட்டும்.

தறியும் வயலும்

கணவர் போனபின் தறியை விற்றுவிடச் சொல்வது வழக்கம். தறியில் அமர இயலாத வயதிலும் தார் சுற்றவும் நூல் இழைக்கவும் இயலும். அக்கூலி அவர் பெயரிலேயே பட்டுவாடா ஆகவேண்டும். நெய்யத் தெரிந்த பெண்ணாயின் கணவரின் இடத்தில் அவரையே அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளச் சங்கம் முன்வரவேண்டும்.

நிலமுடையவர்கள் தாமே பயிரிட இயலாதபோது குத்தகைக்கோ வாரத்திற்கோ விடுகிறார்கள். கணவர் காலத்தில் வாய்ப் பேச்சாக இருந்தது போதும் என்று விட்டுவிடாமல், எத்தனை சென்ட், எவ்வளவு காலம், எத்தனை மூட்டை அல்லது எவ்வளவு ரூபாய், எந்தத் தேதியில் என்பவற்றை எழுத்தில் வாங்கவேண்டும். முறைத் தண்ணீர் எந்த நாளில் எத்தனை நாழிகை என்பதையும் பக்கத்து வயல்காரரை வைத்துக்கொண்டு குறித்து வைக்கவேண்டும். களத்தில் நெல் அளக்கும்போது அந்த அம்மாளும் சென்று நிற்பது நல்லது. அவர் ஒன்றும் பேசவேண்டியதில்லை. நின்றாலே அளவு சரியாக இருக்கும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் (1983) அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தமக்குப் பின் தொகையைப் பெறவேண்டியவரை நியமிக்கும் உரிமையை அளிக்கிறது. அவ்வுரிமை பதிவேட்டில் பழுதடைந்து கிடப்பது நமக்குப் பெருமை தராது. ஆண்டுதோறும் மகாசபைக் கூட்டத்திற்கு முந்திய வாரத்தில், ஒவ்வொரு அங்கத்தினரின் நியமனப் பெயரையும் படித்துக் காட்டிச் சரிபார்க்கும் வழக்கத்தைச் சங்கங்கள் ஏற்படுத்தவேண்டும். ஐம்பது வயது கடந்தோர் மனைவியையும் அழைத்து வந்து பதிவேட்டைக் காட்டுவது இன்னும் நலம். வங்கிக் கணக்குகளில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர்வரை நியமிக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. அதனையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறலாம்.

அங்கத்தினர் காலமானால், மாலையோடு செல்லும் நிர்வாகக் குழுவினர் ஒரு காகிதத்தையும் கொண்டு செல்லட்டும். சங்கத்தில் அவருக்கு என்ன வரவு, என்ன பற்று, எந்தச் சான்றிதழ் வேண்டும், எவரைப் பார்க்கவேண்டும் என்று நாலு வரியில் எழுதிய காகிதம் அது. கைம்பெண்ணைச் சுப காரியங்களுக்கு அழைக்காத ஊர்கள் இன்னும் இருக்கலாம். சங்கத்தின் கூட்டத்திற்கு அவருக்கு அழைப்புப் போகவேண்டும், முன்வரிசையில் ஆசனம் இருக்கவேண்டும்.

இனி, அங்கத்தினர்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. வரும் ஞாயிற்றுக்கிழமை பகலுணவிற்குப் பின் ஒருமணி நேரம் ஒதுக்கிப் பெட்டியைத் திறந்து, புத்தகங்களையும் பத்திரங்களையும் மனைவியின் முன் பரப்பி ஒவ்வொன்றும் இன்னதென்று கூறுவோம். கடன் இருந்தால் கடனையும் மறைக்காமல் கூறுவோம். அவ்வாறே, சோறு வடிக்கவும் மருந்து எடுத்துவைக்கவும் மனைவியிடம் நாமும் கற்றுக்கொள்வோம். யார் முந்துவார் என்பதை எவரும் அறியோம். இதை அபசகுனம் என்று கருதவேண்டியதில்லை. வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துவதை எந்த விவசாயியும் அபசகுனம் என்று சொல்வதில்லை.

மேலே கூறிய அம்மாள் இன்று தம் பெயரிலேயே அச்சங்கத்தில் கூலி பெறுகிறார். சென்ற முறை நாம் அங்கே சென்றபோது பட்டுவாடாப் பதிவேட்டில் நிதானமாகக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். அருகில் நின்ற தம் மருமகளின் பெயரையும் எழுதிவிட்டார்களா என்று காரியதரிசியைக் கேட்டார்.

“எழுதியாச்சு அம்மா” என்றார் காரியதரிசி.

“எங்கே, காட்டு பார்க்கலாம் தம்பி” என்றார் அந்த அம்மாள்.